மல்லாட்டையின் பத்து நகம்

விழுப்புரம்
22-7-2024

அக்கா,

'அன்புள்ள'ன்னு ஆரம்பிச்சு அடிச்சுட்டேன், நீ பார்த்திருப்ப. அன்பு இல்லாம இல்ல. அந்த வார்த்தையைப் பார்த்ததும் "இவ அன்பைக் கொண்டுபோய் அடுப்புல போடு"ன்னு நீ கிழிச்சுடுவியோன்னு பயம்.

போனை பிளாக் பண்ணிட்ட. மாமா போனுக்கு அடிச்சா, "சைட்ல கான்கிரீட் போட்டுக்கினு இருக்காங்கம்மா"ன்னு வச்சுடுறாரு. ஞாயித்துக்கிழமை காலையில எந்த ஊர்ல கான்கிரீட் போடுறாங்க? நீ பக்கத்துல நின்னு முறைச்சுக்கினு இருக்கன்னு எனக்குத் தெரியாதா? அதான் எழுதுறேன். காய் விட்டா பேசக்கூடாது, எழுதலாம்னு சட்டம் போட்டவளே நீதான். அப்ப எனக்கு ஏழு வயசு. சீட்டு எழுதி கேப்பை டின்னுக்கு அடியில வைப்பேன். நீ எழுத்துப்பிழையைத் திருத்தி திருப்பி வைப்ப. கோவத்துலயும் வாத்தியார் வேலை.

சின்னபொண்ணு அக்கா மக தமிழ்மொழியோட கல்யாண பிளவுஸ் கிழிஞ்சதுக்கு நான் என்ன சொன்னாலும் ஈடாகாது. புடவையோட சேர்த்து நெய்ஞ்ச துணி, வேற எங்க தேடினாலும் கிடைக்காது. பன்னெண்டு நாள் குனிஞ்சு உக்காந்து நீ போட்ட ஆரி வேலை. குத்தம் என் பூனை மல்லாட்டை மேல இல்ல, என் மேலதான். விழுப்புரத்து மருந்துக்கடைக்கு மாத்தினாங்கன்னு மூட்டையைக் கட்டிக்கினு வந்தேன். இங்க ஓனரம்மா லட்சுமியம்மாள், "பூனை, நாய் எதுவும் படியேறக்கூடாது"ன்னாங்க. உடனே பூனையைக் கூடையில வச்சு உன் மடியில வச்சுட்டு பஸ் ஏறிட்டேன். உனக்கு அதை எப்படி வளர்க்கணும்னு ஒரு வார்த்தை சொல்லிக் குடுக்கல.

நீ கோவத்துல "அது நகத்தையே எடுத்துடப் போறேன்"ன்ன. சின்னபொண்ணு அக்காவோட பெரிய பொண்ணு அமெரிக்காவுல அப்படித்தான் பண்ணி வச்சிருக்காளாம், பாண்டியில ஒரு ஆளு ஒரு ஊசி போட்டு அரை மணி நேரத்துல முடிச்சுடுவானாம். எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிச்சு. "உன் கைக்கு வந்தது எது உருப்பட்டுச்சு?"ன்னு கத்திட்டேன். அதைச் சொன்ன வாயை நான் இன்னும் கழுவிக்கினுதான் இருக்கேன் அக்கா.

ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். ஆடி முடியற வரைக்கும் டைம் குடு. இதோட பூனைக்குன்னே விக்கிற நகவெட்டி ஒண்ணு வச்சிருக்கேன். நுனியை மட்டும் வெட்டினா போதும், பாதி பேஜாரு தீர்ந்துடும்.

காய் விட்டாலும் உனக்குத் தங்கச்சிதான்,
செண்பகம்


திண்டிவனம்
26-7-2024

செண்பகத்துக்கு,

தபால்காரர் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "பேங்க் லெட்டரைத் தவிர கையால எழுதி வர்றதே உங்க வீட்டுக்குத்தான்மா"ன்னு குடுத்துட்டுப் போனாரு. மாமா பக்கத்துல நான் முறைச்சுக்கினு நின்னது நெசந்தான். அதுல உனக்கு என்ன?

பிளவுஸ் கதையைக் கேளு. முதுகு தப்பிச்சுது. ரெண்டு கையும் பீஸ் பீஸு. நான் சோறு வடிக்க எழுந்து போன நேரம், உன் மகாராணி பிரேம் மேல ஏறி, இழுத்துக் கட்டின பட்டுல நாலு காலையும் ஊனி நகத்தைத் தீட்டியிருக்கா. அந்தச் சத்தம் இன்னும் காதுல கேக்குது. சின்னபொண்ணு வந்து பார்த்துட்டு, கிழிஞ்ச துணியை மடிச்சு வச்சுட்டுப் போயிட்டா. திட்டியிருந்தாலும் பரவால்ல. ஆவணி முகூர்த்தத்துக்கு இந்தத் தெருவுல நாலு பொண்ணுங்க என்கிட்டதான் துணி குடுத்திருந்துச்சுங்க. அதுல ஒருத்தி, "அவசரமில்ல அக்கா, அப்புறமா தர்றேன்"னு சிரிச்சுக்கினே திருப்பி வாங்கிக்கினு போயிட்டா. தையக்கடையை மூடிட்டு வீட்டுல பிரேம் போட்டு ரெண்டு வருஷமா இப்பத்தான் ஒரு பேரு எடுத்தேன். அந்தப் பேரு போனா நான் என்ன செய்வேன்?

'உன் கைக்கு வந்தது'ன்னு சொன்ன பாரு. எந்தக் கையைச் சொன்ன? மேல ஊசி பிடிக்கிற கையையா, பிரேமுக்கு அடியில நூல் குடுக்குற கையையா? அடியில இருக்குற இடது கையை யாரும் பார்க்குறதில்ல. அதுல ஆள்காட்டி விரல் ஏன் கடைசி கணு இல்லாம நின்னுபோச்சுன்னு அப்பா அம்மாவுக்குக்கூட நான் சொன்னதில்ல. "காத்துல கதவு சாத்திக்கிச்சு"ன்னுதான் சொன்னேன். காத்து அடிக்கலன்னு தெரிஞ்ச ஆளு உலகத்துல நீ ஒருத்திதான். நீ போய் என் கையைச் சொல்லலாமாடி?

சரி. எழுதிட்டேன், இனிமே அதை எழுதமாட்டேன்.

நகவெட்டி வந்துச்சு. உங்க மாமா மல்லாட்டையைத் துண்டுல சுத்திப் பிடிக்க, நான் வெட்டப் போனேன். அது ஒரு உதறு உதறுச்சு பாரு, மாமா மூக்குல மூணு கோடு. வானூர் சைட்ல எல்லாரும், "மேஸ்திரி, வீட்டுல சண்டையா?"ன்னு கேட்டாங்களாம். இவரு, "ஆமா, பொண்ணு அடிச்சுடுச்சு"ன்னாராம். பொண்ணாம் பொண்ணு!

பாண்டி ஆளு, ஆடிப்பெருக்கு கழிச்சுக் கொண்டாரச் சொன்னான். வேற வழி இருந்தா அதுக்குள்ள சொல்லு. எல்லாரும் அதைக் கூட்டேரிப்பட்டு ரோட்டுல கொண்டுபோய் விட்டுடச் சொல்றாங்க. நான் விடமாட்டேன். விடக்கூடாதுன்னுதானே நகத்தை எடுக்கப் போறேன்! நகம் போனாலும் பூனை வீட்டுல இருக்கும்ல? இதுகூட புரியாம என்னைக் கல்நெஞ்சுக்காரின்னு நினைச்சுக்கினு இருக்க.

என் வாசப்படியை மிதிக்காத. எழுது.

தனம்


விழுப்புரம்
30-7-2024

அன்புள்ள அக்கா,

இந்தத் தடவை அடிக்கல.

உன் கடுதாசியை மருந்துக்கடையில வச்சே பிரிச்சுட்டேன். ஒரு பெரியவர் சுகர் மாத்திரைக்கு நின்னுக்கினு இருந்தாரு. என் மூஞ்சியைப் பார்த்துட்டு, "பரவால்லம்மா, நான் டீ குடிச்சுட்டு வர்றேன்"னு போயிட்டாரு. கையைப் பத்தி நீ எழுதின பக்கத்தை மடிச்சு பர்ஸுல வச்சிருக்கேன். முப்பத்திரண்டு வருஷமா சொல்லாததை எழுத இன்னும் கை வரல.

மல்லாட்டையை விடக்கூடாதுன்னுதான் நீ இதெல்லாம் பண்றன்னு எனக்கு இப்பத்தான் உறைச்சுது. நான் மடச்சி.

இப்ப வழியைக் கேளு. பூனை நகம் தீட்டாம இருக்காது. அது கெட்ட பழக்கம் இல்ல, நாம தூங்கி எழுந்ததும் சோம்பல் முறிக்கிற மாதிரி. பழைய நகத் தோலை உரிக்கும், முதுகை நீட்டும், 'இது என் எடம்'னு வாசனை வைக்கும். அதைத் தடுக்க முடியாது, வேற எடத்தைக் காட்டத்தான் முடியும். மாமாகிட்ட சொல்லி ஒரு சவுக்குக் கம்பு நட்டு வை. அது முழுசா நிமிர்ந்து நீட்டினா எட்டுற அளவுக்கு உயரம் வேணும். முக்கியமா ஆடக்கூடாது, ஒரு தடவை ஆடினா மறுபடி கிட்டவே போகாது. அதுமேல ஏதாவது சுத்தி வை. அது எங்க தீட்டுதோ அங்கேயே, உன் பிரேம் பக்கத்துலயே வை, கொல்லையில கொண்டுபோய் வைக்காத. கம்புல தீட்டினா ஒரு நெத்திலி குடு. பிரேம்ல கை வச்சா அடிக்காத, கத்தாத, தூக்கிக் கொண்டுபோய் கம்புகிட்ட விடு. பிரேம் கால்ல ரெண்டு பக்கமும் ஒட்டுற டேப் சுத்து. பிசுபிசுன்னு ஒட்டுற எடம் அதுக்கு ஆகாது. நீ எழுந்து போனா ரூம் கதவைச் சாத்திட்டுப் போ.

பூனையைத் துண்டுல சுத்தி, ரெண்டு பேரா சேர்ந்து யுத்தம் பண்ணியா நகம் வெட்டுவாங்க? சாப்பிட்டு மயங்கிக் கிடக்குறப்ப மடியில போட்டுக்கோ. பாதத்தை மேலயும் கீழயும் மெல்ல அழுத்தினா நகம் தானா வெளிய வரும். வெள்ளையா வளைஞ்ச நுனி மட்டும்தான். உள்ள ரோஸ் கலர்ல தெரியுறது ரத்தம் ஓடுற எடம், அது பக்கமே போகாத. ஒரு நாளைக்கு ரெண்டு நகம் போதும். நகத்து மேல மாட்டுற ரப்பர் உறைகூட இருக்காம், வேணும்னா வாங்கி அனுப்புறேன்.

அக்கா, அந்த ஆபரேஷன்ல நெசமா என்ன பண்றாங்கன்னு நான் படிச்சேன். உனக்கு எழுத நாலு தடவை உக்காந்து நாலு தடவையும் கிழிச்சுட்டேன். வேற யாரு வேணா உனக்கு அதை எழுதலாம், நான் எழுதக்கூடாது. மாட்டாஸ்பத்திரி டாக்டர்கிட்ட நீயே போய்க் கேளு. கேக்காம மட்டும் பாண்டிக்குப் போகாத.

மாமா மூக்குக்கு மருந்து வச்சிருக்கேன். பொண்ணு அடிச்சதுக்கு அம்மா மன்னிப்பு கேட்டான்னு சொல்லு.

செண்பகம்


திண்டிவனம்
5-8-2024

ஏய் செண்பா,

கோவம் இருக்கு, ஆனா இதைச் சொல்லாம இருக்க முடியல. உன் மாமா சவுக்குக் கம்பு கொண்டாந்து, அடியில பலகை அடிச்சு நிக்க வச்சுட்டாரு. என் இடுப்பு உயரம். வெறும் கம்பு பார்க்க மூளியா இருந்துச்சு. பிளவுஸ் தைச்ச மிச்சத் துண்டு ஒரு மூட்டை கிடந்துச்சா, அரக்கு, மாம்பழக் கலர், மயில்கழுத்து, எல்லாம் நல்ல பட்டு. பட்டை பட்டையா வெட்டி அடிமுதல் நுனிவரைக்கும் சுத்தி, ஓரத்துல ஜரிகைகூட வச்சுத் தைச்சுட்டேன். எந்த ராஜா வீட்டுப் பூனைக்கும் அப்படி ஒரு கம்பு இருக்காது! மல்லாட்டை மோந்து பார்த்துச்சு. எழுந்து நின்னுச்சு. அப்புறம் பாரு, சர்ரு சர்ருன்னு தீட்டுது. நான் நெத்திலி குடுக்க, அது தீட்ட, நான் குடுக்க, ரெண்டு பேரும் மதியம் வரைக்கும் இதே வேலை. உங்க மாமா, "அதுக்கு நகம் தீட்ட சொல்லிக் குடுக்குறியா, நெத்திலி திங்க சொல்லிக் குடுக்குறியா?"ங்கறாரு.

ரப்பர் உறை வேணாம். பூனைக்குச் செருப்பு மாட்டிவிட்டான்னு தெரு சிரிக்கும்.

மடியில போட்டு ரெண்டு நகம் வெட்டிட்டேன். நீ சொன்ன மாதிரியே தானா வெளிய வந்துச்சு. எவ்வளவு சின்னது!

8-8-2024

மேல எழுதினதைப் போஸ்ட் பண்ணாம வச்சிருந்தேன். நல்லதாப் போச்சு, இதையும் சேர்த்துப் படி.

தமிழ்மொழியோட ரிசப்ஷன் புடவையை ஃபால்ஸ் தைக்க நாற்காலி மேல போட்டிருந்தேன். நான் பார்த்துக்கினு இருக்கும்போதே, என் கண்ணு முன்னாடி, நேராப் போய் எழுந்து நின்னு பார்டர்ல தீட்டுச்சு. தீட்டிட்டு என்னைத் திரும்பிப் பார்க்குது, நெத்திலிக்கு! ஓடிப் பிடிச்சதுல ரெண்டு இழையோட போச்சு, ஊசியால உள்ள இழுத்து விட்டுட்டேன். ஆனா என் பொறுமை அவ்வளவுதான். கம்பு வச்சேன், டேப் ஒட்டினேன், எல்லாம் பண்ணேன், திருந்தல. பாண்டி ஆளுக்குப் போன் போட்டுட்டேன். வர்ற புதன்கிழமை.

இனிமே எழுதாத. எழுதினா எனக்கு மனசு மாறும். மாறினா பேரு போவும்.

தனம்


விழுப்புரம்
10-8-2024
ஸ்பீட் போஸ்ட்

அக்கா அக்கா அக்கா,

பட்டா சுத்தின? அடிப் பாவி அக்கா! பட்டுல தீட்டினா நெத்திலி கிடைக்கும்னு அதுக்கு நீயே மூணு நாளா பாடம் நடத்தியிருக்க! அது பரிட்சையில நூத்துக்கு நூறு வாங்கியிருக்கு. புடவையில தீட்டிட்டு உன்னைத் திரும்பிப் பார்த்துச்சே, பாராட்டுக்குக் காத்துக்கினு நின்னுச்சு பாவம். தப்பு என்னுதுதான். 'ஏதாவது சுத்தி வை'ன்னு எழுதினேன் பாரு, என்னைச் சொல்லணும். நல்ல துணியை வீணாக்காம வச்சிருந்து, அதுல ஜரிகை வேற வைக்கிற ஆளு நீன்னு எனக்குத் தெரிய வேணாமா?

இன்னைக்கே அதை உரிச்சுப் போடு. தேங்கா நார்க் கயிறு, தாம்புக் கயிறு மாதிரி சொரசொரன்னு, நெருக்கமா சுத்து. வீட்டுல வேற எங்கயும் அந்த மாதிரி சாமான் இருக்கக்கூடாது. நாரு வேற, பட்டு வேறன்னு அதுக்குப் புரிஞ்சுடும். பட்டு பக்கம் போனா நெத்திலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீ பிரேம்ல உக்காரறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் கயித்துல ஒரு இறகு கட்டி ஓடவிட்டு விளையாடு. அப்புறம் சோறு வை. தூங்கிடும்.

இன்னொண்ணு. போன ஞாயித்துக்கிழமை நான் வந்தேன். வாசப்படியை மிதிக்கல, நீ சொன்னதை மீறல. எதிர்வீட்டு வேப்பமரத்துக்கிட்ட நின்னேன். ஜன்னல்ல நீ தெரிஞ்ச. குனிஞ்சு வேலை பார்த்துக்கினு இருந்த. வலது கை மேல, இடது கை அடியில. மல்லாட்டை உன் கால் மேல தலை வச்சுப் படுத்திருந்துச்சு. அதுகிட்ட ஏதோ பேசிக்கினே இருந்த, என்னைத் திட்டினியோ என்னவோ. உள்ள வந்து உன் கழுத்தைக் கட்டிக்கணும் போல இருந்துச்சு. அந்த இடது கையைப் பார்த்ததும் அடுத்த பஸ்ஸுல திரும்பிட்டேன்.

புதன்கிழமைக்கு முன்னாடி டாக்டர்கிட்ட மட்டும் கேட்டுடு. உன் கால்ல விழுறேன். அதுக்கப்புறமும் நீ பாண்டிக்குப் போனா நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்.

செண்பகம்


திண்டிவனம்
14-8-2024

செண்பா,

இன்னைக்குப் புதன்கிழமை. மல்லாட்டை கூடையில இருந்து இறங்கி, கோவத்துல பீரோவுக்கு அடியில உக்காந்திருக்கு. பத்து நகமும் இருக்கு. முதல்ல அதைச் சொல்லிட்டேன், நீ மூச்சு விட்டுக்கோ.

காலையில கூடையைத் தூக்கிக்கினு கிளம்பிட்டோம். பாண்டி பஸ்ஸுக்கு நேரம் இருந்துச்சு. "கேட்டுட்டுத்தான் போயேன், உன் தங்கச்சி அவ்வளவு தூரம் எழுதியிருக்கா"ன்னு மாமா சொன்னாரு. சரின்னு மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம். எங்களுக்கு முன்னாடி ரெண்டு ஆடு, ஒரு கன்னுக்குட்டி. டாக்டரம்மா சின்னப் பொண்ணு, காயத்ரின்னு பேரு. விஷயத்தைச் சொன்னேன். "நான் பண்ணமாட்டேன்மா, யாரையும் பண்ணவும் விடாதீங்க"ன்னுச்சு. "ஏம்மா, நகந்தானே?"ன்னேன்.

"நகம் மட்டும் தனியா வராதும்மா. நமக்கு நகம் சதை மேல இருக்கு, அதுக்கு எலும்புலருந்தே முளைக்குது. மறுபடி முளைக்காம பண்ணணும்னா ஒவ்வொரு விரல்லயும் கடைசி கணுவை எலும்போட வெட்டி எடுக்கணும். முன்னங்கால் ரெண்டுலயும் சேர்த்து பத்து விரலு. அப்புறம் நடக்கும்போது வலிக்கும். மண்ணுல கால் வச்சா வலிக்கும்னு மண்ணுத் தொட்டிப் பக்கமே போகாது. நகம் இல்லன்னு கடிக்க ஆரம்பிக்கும்." இப்படிச் சொல்லிக்கினே அந்தம்மா தன் ஆள்காட்டி விரலை நீட்டி பேனாவால ஒரு கோடு போட்டுக் காட்டுச்சு. "மனுஷங்களுக்குச் சொல்லணும்னா, இதோ இந்த எடத்துல."

செண்பா, அந்தக் கோடு சரியா என் விரல் நிக்கிற எடத்துல இருந்துச்சு.

நான் இடது கையாலதான் கூடையைப் பிடிச்சிருந்தேன். அந்தம்மா பார்வை என் விரல்ல வந்து நின்னுச்சு. பேனாவை மூடிக்கினு, "மன்னிச்சுக்கோங்கம்மா"ன்னுச்சு. அது எதுக்கு என்கிட்ட மன்னிப்பு கேக்கணும்? உங்க மாமா சுவத்தைப் பார்த்துக்கினு நின்னாரு.

இதைத்தான் நாலு தடவை எழுதிக் கிழிச்சியாடி?

முப்பத்திரண்டு வருஷமா யாருக்கும் சொல்லாத ஒண்ணை உனக்குச் சொல்றேன். அந்த நுனி வலிக்கும். விரல் இல்ல, நுனி. அங்க இல்லாத நுனி. ஐப்பசி மழை பிடிச்சா ஊசி குத்துற மாதிரி விண்ணுன்னு தெறிக்கும். தேய்க்கலாம்னு பார்த்தா தேய்க்க எடம் இருக்காது. பக்கத்து விரலை அமுக்கிப் பிடிச்சுக்கினு உக்காந்திருப்பேன். மாமாகிட்ட சொன்னதில்ல. உன்கிட்ட சொன்னா நீ தாங்கமாட்டன்னு சொல்லல. வாயிருக்கிற மனுஷி, நானே சொல்லல. அதுக்குப் பத்து விரல்லயும் அப்படி வலிச்சா யாருகிட்ட போய்ச் சொல்லும்? என் மடியிலதான் வந்து படுத்திருக்கும். நானும் 'சமர்த்தாயிடுச்சு, நகம் இல்லாததால அடங்கிடுச்சு'ன்னு சந்தோஷப்பட்டுக்கினு இருந்திருப்பேன்.

பாண்டி ஆளுக்கு வரமாட்டேன்னு சொல்லிட்டேன். திரும்பி வர்ற வழியில மாமா நார்க் கயிறு ஒரு கட்டு வாங்கினாரு. பட்டை உரிச்சாச்சு. உரிக்கும்போது மனசு அடிச்சுக்கிச்சு, நல்ல ஜரிகைடி அது.

அந்த வாசப்படிப் பேச்சை மறந்துடு. வேப்பமரத்தடியில நின்னியாமே, வெயில்ல. தலைவலி வந்துச்சா?

அக்கா


விழுப்புரம்
17-8-2024

அக்கா,

மூணு தடவை படிச்சேன். மழை வந்தா வலிக்கும்ங்கற வரி வர்றப்ப எல்லாம் மூடி வச்சுட்டேன். இங்க ரெண்டு நாளா தூறிக்கினு இருக்கு. அங்கயும் தூறுதா?

நான் ஒண்ணைச் சொல்லிடுறேன், இப்ப சொல்லலன்னா எப்பவும் சொல்லமாட்டேன். அன்னைக்கு உன் புது ஜியாமெட்ரி பாக்ஸை நான் எடுத்துட்டேன்னு சண்டை. காய் விட்டுட்டோம். பாக்ஸைத் தூக்கிக்கினு ரூமுக்குள்ள ஓடிக் கதவைச் சாத்தினேன். 'தெரியாம சாத்திட்டேன்'னு இத்தனை வருஷமா எனக்கே சொல்லிக்கினு இருந்தேன். அது முழுசா நெசம் இல்ல. நீ பின்னாடி வர்றது தெரியும். வேகமா சாத்தினா நீ வெளிய நிப்பன்னுதான் வேகமா சாத்தினேன். கீல் பக்கம் உன் கை இருந்தது மட்டும்தான் தெரியாது. நீ அப்பாகிட்ட காத்துன்னு சொன்னப்ப நான் கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டுக்கினு இருந்தேன். எட்டு வயசுல எனக்கு அது தப்பிச்ச சந்தோஷமா இருந்துச்சு அக்கா. அந்தச் சந்தோஷத்துக்குத்தான் இன்னும் வெக்கப்படுறேன். தாலி கட்டின பிரேம்குமார் என்னை விட்டுட்டுப் போனப்பகூட, 'சரி, அக்கா விரலுக்கு இதுதான் தண்டனை போல'ன்னு நினைச்சேன். நீ திட்டுவன்னு சொல்லல. அந்த வருஷந்தான் மல்லாட்டை வந்துச்சு, வேர்க்கடலை நிறத்துல, கையளவு குட்டியா.

மன்னிச்சுடுன்னு எழுத எனக்கு யோக்கியதை இருக்கான்னு தெரியல. எழுதிட்டேன்.

இன்னொரு விஷயம். ஸ்டேஷன் பக்கத்துல கீழ் வீடு ஒண்ணு கிடைச்சிருக்கு. ஓனர் வீட்டுலயே ரெண்டு பூனை, மல்லாட்டைக்குத் தடையில்ல. ஆவணிக் கல்யாணம் எல்லாம் முடிஞ்சதும் வந்து கூட்டிக்கினு போயிடுறேன். உனக்கு இனிமே கஷ்டம் வேணாம்.

செண்பா


திண்டிவனம்
9-9-2024

அடியே செண்பா,

பதில் தாமதம். கல்யாண வேலை கழுத்துக்கு வந்துடுச்சு. வெள்ளிக்கிழமை மயிலத்துல தமிழ்மொழி கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுது. பிளவுஸ் கையில கிழிஞ்ச எடத்தை எல்லாம் வெட்டி எடுத்துட்டு, நெட் துணி வச்சு, அதுமேல மணியும் ஜமிக்கியும் போட்டு மூடிட்டேன். மண்டபத்துல மூணு பொண்ணுங்க வந்து, "அக்கா, எனக்கும் அந்த மாதிரி கை வச்சுத் தாங்க"ன்னுதுங்க. சின்னபொண்ணு நெஞ்சை நிமித்திக்கினு, "எங்க தனம் டிசைன்"ங்கறா. அது மல்லாட்டை டிசைன்னு எனக்குத்தானே தெரியும்! துணியைத் திருப்பி வாங்கிக்கினு போனவளும் கொண்டாந்து குடுத்துட்டா.

மல்லாட்டை இப்ப நார்க் கம்பைத் தவிர வேற எங்கயும் நகம் வைக்கிறதில்ல. மொதல் வாரம் அடம் பிடிச்சுது. புடவை பக்கம் போய் நின்னு என்னைப் பார்க்கும், நான் கண்டுக்கமாட்டேன், கடுப்பாகிப் போயிடும். இப்ப தூங்கி எழுந்ததும் நேரா கம்புதான். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை நகம் வெட்டுறேன். வெட்டும்போது அந்தச் சின்னப் பாதத்தை என் இடது கையிலதான் வச்சுக்கறேன். அது ஒண்ணும் சொல்றதில்ல, நாக்கால அந்த மொட்டை நுனியை நக்கிக் குடுக்குது. சொரசொரன்னு இருக்கும். போன வாரம் மழை. வலிச்சுது. அது நக்கினப்ப கொஞ்சம் தேவலாம் போல இருந்துச்சு. எனக்குத் தோணுச்சோ என்னவோ.

வீடு பார்த்துட்டன்னு தெரிஞ்சு சந்தோஷம். ஆனா பூனையைக் கூட்டிக்கினு போறது நடக்காது. ஏன்னா, 'ஆடினா கிட்டப் போகாது'ன்னு நீ எழுதினியே, அதைப் படிச்சுட்டு உங்க மாமா என்னைக் கேக்காம தரையை உடைச்சு, குழி எடுத்து, ஜல்லி போட்டு, சிமெண்ட் வச்சுக் கம்பை நட்டுட்டாரு. நடுக்கூடத்துல, பந்தக்கால் நட்ட மாதிரி! வர்றவங்க எல்லாம், "வீட்டுல என்ன விசேஷம்?"ங்கறாங்க. இனிமே வீட்டை இடிச்சாத்தான் அதைப் பிடுங்க முடியும். கம்பு இல்லாம பூனை எப்படி வரும்? மாமாவைக் கேட்டா, "ஆமா, அது முடியாதே"ன்னு முகத்தைத் திருப்பிக்கிறாரு. வேணும்னுதான் பண்ணியிருக்காரு. உனக்குப் பூனை வேணும்னா வாரா வாரம் ஞாயித்துக்கிழமை நீ வா. வேப்பமரத்தடியில நிக்காம நேரா உள்ள வா.

இப்ப அந்தக் கதவு. நீ எழுதினதைப் படிச்சேன். நீ ஒண்ணை மறந்துட்ட, இல்ல எனக்காக விட்டுட்ட. அன்னைக்கு சாயந்திரம் பெரியாஸ்பத்திரியில கட்டு போட்டுக்கினு படுத்திருந்தேன். நீ அம்மா கையை உதறிட்டு ஓடியாந்து, கட்டில்கிட்ட நின்னு ரெண்டு விரலைச் சேர்த்து நீட்டுன, பழம் விட. நான் பார்த்தேன். பார்த்துட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கினேன்.

அப்புறம் வீட்டுக்கு வந்தோம், தானா பேச ஆரம்பிச்சோம், ஒண்ணா பள்ளிக்கூடம் போனோம், உன் கல்யாணத்துக்கு நான்தான் தலை பின்னி பூ வச்சேன். ஆனா அந்தச் சண்டைக்குப் பழம் விடவே இல்லடி. தண்டனை தண்டனைன்னு எழுதியிருக்க. நீ எட்டு வயசுக் குழந்தை, உன்னை அப்படி நிக்க வச்சுட்டுத் திரும்பிப் படுத்தவ நான். எனக்கு யாரு தண்டனை குடுக்குறது?

உன் நம்பரை பிளாக்ல இருந்து எடுத்துட்டேன். ஆனா இதைப் போன்ல சொல்லமாட்டேன், நேர்லதான். ஜல்தி வா. நான் ரெண்டு விரலையும் சேர்த்து நீட்டிக்கினு நிக்கிறேன், வலது கையை இல்ல, இடது கையை. ஒண்ணு குட்டையா இருக்கும், பரவால்ல, எட்டும். வந்து தொடு.

பழம்டி.

அக்கா